பில்டருக்கு ஒரு மெய்க்கீர்த்தி

பெங்களூர் டொம்லூரில் சொக்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. மேம்பாலத்து இரைச்சலுக்குக் கூப்பிடு தூரம். உள்ளே போனால் கல்லில் தமிழ் எழுத்து, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை அக்காவோடு போயிருந்தேன். அக்கா அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் பிடிபடவில்லை. "இத்தனை காலம் நிக்குதேடா" என்று மட்டும் சொன்னாள்.

நம் கல்வெட்டுகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலாம் இராஜராஜன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும். மன்னன் வென்ற நாடுகள், கொண்ட திறைகள், அவன் பெருமை எல்லாம் முதலில் வரும். அதன் பிறகுதான் விஷயம் வரும்: இன்ன விளக்குக்கு இத்தனை ஆடு, இன்ன கோயிலுக்கு இத்தனை நிலம். கடைசியில், இதை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடியும். புகழ், கொடை, காவல் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் கல்வெட்டு.

ஐயா, உங்களுக்கு அப்படி ஒன்று எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். உங்கள் பெயரைப் போடவில்லை. பெயர் இல்லாமலே உங்களை அடையாளம் காண இந்த ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. நான் எழுதுவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மெய்க்கீர்த்தி என்றால் மெய்யைச் சொல்லும் புகழ். உங்களிடம் உண்மையிலேயே இருக்கும் சிறப்புகளை மட்டும் சொல்லுகிறேன்.

முதலில் உங்கள் வரவேற்பு. 2016 ஆயுத பூஜை வாரத்தில் பேகூர் சாலையில் இருந்த உங்கள் விற்பனை அலுவலகத்துக்கு வந்தோம். அக்கா, மாமா, நான், ஆறு வயதுப் பிள்ளை. வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. ஏலக்காய் மணக்கும் டீ வந்தது. பிள்ளைக்குக் கலர் பென்சில் கொடுத்தார்கள். தனியார் பள்ளியில் இருபது வருடம் பாடம் நடத்திய அக்காவை "மேடம்" என்று நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்கள். அந்த மரியாதை நடிப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அந்தப் பையன்களும் யார் வீட்டுப் பிள்ளைகளோ, மாதச் சம்பளத்துக்கு வந்தவர்கள்.

பிறகு மாதிரி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நான் பார்த்த வீடுகளிலேயே நேர்த்தியான வீடு அதுதான். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது. சமையலறையில் அக்கா குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது. கையை நீட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தே காலம் போன ஹொங்கசந்திரா வாடகை வீட்டிலிருந்து வந்தவள் அவள். "காவிரி கனெக்ஷன் வந்துரும் மேடம்" என்றான் பையன். பால்கனி கிழக்குப் பார்த்தது என்று தெரிந்ததும் துளசி மாடத்துக்கு இடம் பார்த்துவிட்டாள். இருக்கிற வீட்டில் கிடைக்காத நிம்மதியை இல்லாத வீட்டில் ஒரு மணி நேரம் தந்தீர்கள். அது பெரிய கலை. அந்தக் கலை உங்களிடம் இருக்கிறது என்பதற்கு நாங்களே சாட்சி.

அடுத்தது உங்கள் நினைவாற்றல். வீட்டின் விலை 52 லட்சம். அடித்தளம் முடிந்ததும் ஒரு தவணை, முதல் ஸ்லாபுக்கு ஒன்று, அடுத்ததற்கு ஒன்று. எந்தத் தவணையையும் நீங்கள் மறந்ததில்லை. ஸ்லாப் போட்ட சிமெண்டு காயும் முன்பே டிமாண்ட் லெட்டர் வந்துவிடும். 15 நாளில் கட்ட வேண்டும், தவறினால் 18 சதவீத வட்டி. அக்காவும் ஒரு நாள் தவறியதில்லை. பர்கூர்ப் பக்கம் மாந்தோப்பில் வந்த பங்கு, அம்மா போட்டனுப்பிய நகை, மாமாவின் சேமிப்பு என்று கைப்பணம் 12 லட்சம். வங்கி உங்களுக்கு நேரே கொடுத்தது 32 லட்சம். 2019 மார்ச்சில் வந்த கடைசி டிமாண்ட் லெட்டரோடு மொத்தம் 44 லட்சம் உங்களிடம் வந்து சேர்ந்தது. பதினோரு மாடி என்று சொன்ன கட்டடம் ஐந்தாவது ஸ்லாபோடு நின்றது. 2019 டிசம்பர் கடைசியில் சாவி தருவதாக ஒப்பந்தம். எங்கள் தேதிகளை எல்லாம் அத்தனை துல்லியமாக நினைவு வைத்திருந்த நீங்கள், உங்களுக்கென்று இருந்த அந்த ஒரே தேதியில் மட்டும் கடிதம் எதுவும் அனுப்பவில்லை.

உங்கள் எழுத்தாற்றலைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒப்பந்தம் 64 பக்கம். நாங்கள் தாமதித்தால் 18 சதவீதம் என்பது ஒரு பக்கத்தில். நீங்கள் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் ஐந்து ரூபாய் என்பது இருபது பக்கம் தள்ளி. அக்கா கணக்கு டீச்சர். ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். 1,200 சதுர அடி, ஐந்து ரூபாய்: மாதம் 6,000. 44 லட்சத்துக்கு 18 சதவீதம்: மாதம் 66,000. ஒரே பணம், ஒரே தாமதம். உங்கள் பக்கம் நின்றால் பதினொரு மடங்கு, எங்கள் பக்கம் நின்றால் ஒரு மடங்கு. அந்த மாதங்களில் அவள் கட்டியது வங்கித் தவணை 27,800, வீட்டு வாடகை 16,000. உங்கள் 6,000 ரூபாய் தாளில்தான் இருந்தது, அதுவும் வரவில்லை.

இந்த எழுத்துக்கலை உங்களுக்கு மட்டும் உரியதில்லை. 2019 ஏப்ரலில் கோவிந்தன் ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்த குருகிராம் ஒப்பந்தத்தில், வாங்குபவர் தாமதித்தால் 18 சதவீதம், கட்டுகிறவர் தாமதித்தால் 9 சதவீதம். ஒருதலைப்பட்சமான இப்படிப்பட்ட நிபந்தனைகள் வாங்கியவரைக் கட்டாது என்று நீதிமன்றம் சொன்னது. நம் பேகூர் வரைக்கும் அது வந்தது. டி.எல்.எஃப். சதர்ன் ஹோம்ஸ் பேகூரில் கட்டிய அடுக்குமாடியில் வீடு வாங்கிய 339 பேர் தாமதத்துக்காக வழக்குப் போட்டார்கள். அங்கும் ஒப்பந்தத்தில் சதுர அடிக்கு ஐந்து ரூபாய்தான். கையெழுத்துப் போட்டாயிற்று, அதற்கு மேல் கேட்கக் கூடாது என்ற வாதத்தை 2020 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஐந்து ரூபாயோடு, கட்டிய தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீதமும் கொடுக்கச் சொன்னது. அவர்களுக்கு வீடாவது வந்தது, தாமதமாக வந்தது. எங்களுக்கு வந்தது வீடு வராததற்கான காரணங்கள்.

அந்தக் காரணங்களில் உங்கள் புலமை தெரியும். பணமதிப்பு நீக்கம் என்றீர்கள். மணல் கிடைக்கவில்லை என்றீர்கள். ஜி.எஸ்.டி. என்றீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போட்டார் என்றீர்கள். பிறகு கொரோனா வந்தது. இவற்றில் எதையும் நான் பொய் என்று சொல்லமாட்டேன். எல்லாம் இந்த நாட்டில் நடந்தவைதான். கொரோனா ஊரடங்கு 2020 மார்ச்சில் வந்தது, நீங்கள் சாவி தருவதாகச் சொன்ன நாள் அதற்கு மூன்று மாதம் முன்பே போய்விட்டது என்பதைக்கூட இப்போதைக்கு விட்டுவிடுவோம். அத்தனை காரணமும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த 44 லட்சம் யாருடையது?

இந்தக் கேள்விக்கு 1872லேயே இந்த நாட்டில் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆவது பிரிவு. ஒப்பந்தம் செல்லாது என்று தெரிய வந்தாலோ, நடுவில் செல்லாமல் போனாலோ, அதன் பேரில் ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு செய்ய வேண்டும். சட்டத்திலேயே ஓர் உதாரணமும் உண்டு. கச்சேரியில் பாடுவதாக ஒருவர் ஒப்புக்கொண்டு 1,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். அன்றைக்கு உடம்பு முடியவில்லை, பாட முடியவில்லை. கச்சேரி நடத்தியவருக்குப் போன லாபத்துக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் வாங்கிய 1,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்.

இந்தச் சின்ன உதாரணத்தில் எவ்வளவு நியாயம் அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள் ஐயா. பாடகர் மேல் தப்பில்லை. அவரை யாரும் ஏசவில்லை, அபராதம் போடவில்லை. தொண்டை கட்டியது அவர் துரதிர்ஷ்டம். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் பாட்டுக்காக வந்தது. பாட்டு இல்லை என்றால் அது அவர் பையில் இருக்க ஒரு காரணமும் இல்லை. யார் தப்பு என்பது ஒரு கேள்வி, பணம் யாருடையது என்பது வேறு கேள்வி. நீங்கள் இத்தனை வருடமாக இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியின் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கூட்டம் கூட்டிச் சொன்னீர்கள், ஈமெயிலில் சொன்னீர்கள், வக்கீல் வைத்துச் சொன்னீர்கள். நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டு மணல் விலையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம்.

நம்மை ஆண்ட இங்கிலாந்துக்கே இது புரியச் சில காலம் பிடித்தது. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பார்க்க ஜன்னலோர அறைகளுக்கு முன்பணம் கட்டினார்கள். மன்னருக்கு உடல்நலம் கெட்டு ஊர்வலம் தள்ளிப்போனது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, போனது போன இடத்திலேயே இருக்கட்டும் என்று 1904இல் அங்கே தீர்ப்பு வந்தது. பிறகு ஒரு போலந்து நாட்டு நெசவாலை, லீட்ஸ் நகரத்து நிறுவனத்துக்கு இயந்திரம் செய்யச் சொல்லி 1,000 பவுண்டு முன்பணம் கொடுத்தது. 1939இல் போர் வந்தது, இயந்திரத்தை அனுப்ப வழியில்லை. லீட்ஸ் நிறுவனத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை, வேலையில் கணிசமான பகுதியைச் செய்தும் இருந்தார்கள். ஆனாலும் கொடுத்த பணத்துக்கு ஈடாக அந்தப் பக்கம் ஒன்றும் போய்ச் சேரவில்லை, ஆகவே பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பிரபுக்கள் சபை 1942இல் சொன்னது. 1904ஆம் ஆண்டுத் தீர்ப்பு அன்றோடு போனது. உலகப் போரே வந்து வழியை மறித்தாலும் மறுபயன் இல்லாத பணம் வாங்கியவருடையது ஆகாது. ஆள்கிறவர்கள் 1942இல் வந்து சேர்ந்த இந்த நியாயம், அவர்கள் நமக்கு எழுதிய சட்டத்தில் 70 வருடம் முன்பே இருந்தது.

இந்த ஊருக்கென்றே சொன்ன தீர்ப்பும் உண்டு. பெங்களூர் வளர்ச்சிக் குழுமமான பி.டி.ஏ.வுக்கும் சிண்டிகேட் வங்கிக்கும் நடந்த வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் விதிகளைத் தொகுத்துத் தந்தது. சொன்ன காலத்திலோ நியாயமான காலத்திலோ வீடு தரவில்லை என்றால், கட்டிய பணத்தை வட்டியோடு கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது அதில் ஒன்று. ரெரா என்கிற 2016ஆம் ஆண்டின் வீடு-மனை ஒழுங்குமுறைச் சட்டம் 18ஆவது பிரிவில் அதையே எழுதிவைத்தது. 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: இந்த உரிமைக்கு நிபந்தனை கிடையாது, எதிர்பாராத நிகழ்வுகளோ நீதிமன்றத் தடைகளோ இதைப் பாதிக்காது. உங்கள் காரணங்களின் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியது போலவே இருக்கிறது.

இனி உங்கள் நிதித் திறமை. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வியப்புதான். நீங்கள் வங்கியில் கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும், ஈடு காட்ட வேண்டும், தவணை தவறினால் ஜப்திக்கு வருவார்கள். அக்காவிடம் வாங்கிய 44 லட்சத்துக்கு வட்டியில்லை, ஈடில்லை, கெடுவில்லை. அதில் 32 லட்சத்துக்கு வட்டியை வங்கிக்கு அக்கா கட்டுகிறாள். அதாவது உங்கள் கையில் இருக்கும் பணத்துக்கு வட்டி கட்டுகிறவள் அவள். வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று ரெரா சட்டம் சொல்லுவது இதனால்தான்.

'அநியாய ஆதாயம்' என்று சட்டத்தில் ஒரு சொல் உண்டு. பலரும் அதைத் திருட்டு, மோசடி என்று நினைக்கிறார்கள். அதற்குத் திருட வேண்டியதில்லை, பொய் சொல்லவும் வேண்டியதில்லை. இன்னொருவர் செலவில் வந்தது, வைத்துக்கொள்ளக் காரணம் இல்லாதது, ஆனாலும் வைத்துக்கொண்டிருப்பது. இவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அக்கா கணக்கிலிருந்து 27,800 போகும்போது அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எங்கள் வீட்டில் தெரியும்.

உங்கள் நிதானத்தைப் போற்ற வேண்டும். 2021இல் கர்நாடக ரெராவில் புகார் போட்டோம். மிஷன் சாலை, சி.எஸ்.ஐ. வளாகம். அக்கா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போவாள். தோளில் ஒரு துணிப்பை, அதில் நீலக் கோப்பு. ஒப்பந்தம், டிமாண்ட் லெட்டர்கள், ரசீதுகள், வங்கிக் கடிதம், கட்டடத்தின் போட்டோக்கள். அத்தனையும் தேதி வாரியாக, மூலையில் பென்சிலால் எண் போட்டு. தேர்வுத்தாள் திருத்துகிறவளின் ஒழுங்கு. 2022 செப்டம்பரில் உத்தரவு வந்தது. கட்டிய தொகையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஸ்டேட் வங்கியின் அடிப்படைக் கடன் வட்டியான எம்.சி.எல்.ஆரோடு 2 சதவீதம் சேர்த்து. 60 நாள் கெடு.

உத்தரவு தப்பு என்று நினைத்தால் நீங்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் போவதற்கு முன் வாங்கியவருக்குத் தர வேண்டிய தொகை முழுவதையும் வட்டியோடு அங்கே கட்ட வேண்டும் என்கிறது சட்டத்தின் 43ஆவது பிரிவு. நீங்கள் போகவில்லை. பணத்தையும் தரவில்லை. தப்பு என்று சொல்லவும் இல்லை, சரி என்று நடக்கவும் இல்லை. அப்படி ஒரு இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சட்டத்துக்கும் நியாயத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடத்தில் வருடக்கணக்காகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

60 நாள் முடிந்ததும் ரெராவில் வசூல் சான்றிதழ் போட்டார்கள். நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க வேண்டும் என்று அது மாவட்ட ஆட்சியரான டி.சி.யின் ஆபீஸுக்குப் போனது, அங்கிருந்து தாலுக்கா ஆபீஸுக்கு வந்தது. ஓர் ஏழை விவசாயி நிலவரி கட்டாவிட்டால் தண்டோரா போட்டு வந்து நின்ற சட்டம்தான் அது. அந்தச் சட்டம் உங்கள் வாசலுக்கு வர வழி தெரியாமல் நிற்கிறது. தாலுக்கா ஆபீஸில் இருக்கிறவர்களையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். தேர்தல், வெள்ளம், பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் அதே நாலு மேசையில்தான். "கம்பெனி பேர்ல சொத்து என்ன இருக்குன்னு நீங்களே கண்டுபிடிச்சுக் கொண்டுவாங்கம்மா" என்றார் அங்கே ஒருவர், தன்மையாகத்தான் சொன்னார். கணக்கு டீச்சர் ஒருத்தி பிறகு உங்கள் சர்வே எண்களைத் தேடி அலைந்தாள். கர்நாடகத்தில் இப்படி வசூலாகாமல் கிடக்கும் ரெரா உத்தரவுகளின் தொகை நூற்றுக்கணக்கான கோடி. அதாவது, நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்க்கு, பணம் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பணம் மட்டும் இடம் மாறவில்லை.

அரசாங்கம் வாங்கிய வரியின் கதையையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலைக்குப் பிறகு ஒவ்வொரு தவணையோடும் அக்கா 12 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டினாள். வராத வீட்டுக்கு வரி. வாங்கினவர் ஜி.எஸ்.டி. எண் இல்லாத சாதாரண ஆள் என்றால் அதைத் திரும்பக் கேட்க நேரான வழியே இல்லாமல் இருந்தது. 2022 டிசம்பர் 27 அன்று மத்திய வரி வாரியம் 188ஆம் எண் சுற்றறிக்கை போட்டு வழி திறந்தது: வீட்டு ஒப்பந்தம் ரத்தானால் வரியைத் திருப்பிக் கேட்கலாம். வரி வாங்குவதையே தொழிலாக வைத்திருக்கும் அரசாங்கமே, வேலை நடக்கவில்லை என்றால் வரி என்னுடையது இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்கு உங்கள் ரத்துக் கடிதம் வேண்டும். வரி கட்டியதற்கு உங்கள் சான்றும் வேண்டும். நீங்கள் எவ்வளவு திருப்பித் தருகிறீர்களோ அந்த விகிதத்துக்குத்தான் வரியும் திரும்பும். நீங்கள் மூடிய ஒரு கை இன்னொரு கையையும் சேர்த்து மூடி வைத்திருக்கிறது.

கடைசியாக உங்கள் பாசம். எங்களை நீங்கள் 'வாடிக்கையாளர்' என்று சொன்னதில்லை, 'குடும்பம்' என்றே சொல்லுவீர்கள். அந்த உறவை நீங்கள் இன்றும் மறக்கவில்லை. போன மாதம்கூட அக்காவின் போனுக்கு உங்களிடமிருந்து செய்தி வந்தது. சர்ஜாபூர் சாலையில் புதிய திட்டம், பழைய குடும்பத்தினருக்குச் சிறப்புத் தள்ளுபடி. படத்தில் மாதிரி வீடு. சமையலறைக் குழாய்கூடத் தெரிந்தது. பதினைந்து வயதாகிவிட்ட பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நம்ம வீடா?" என்று கேட்டான். அக்கா பதில் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

இவ்வளவும் உங்கள் புகழ். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. வரவேற்கத் தெரிந்தவர், தேதி மறவாதவர், எழுத வல்லவர், காரணம் சொல்ல வல்லவர், பிறர் பணத்தைப் பெருக்க வல்லவர், பொறுமையில் மலை போன்றவர். இத்தனை ஆற்றலும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். இதில் பாதியை அந்த ஆறாவது ஸ்லாபுக்குச் செலவிட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் இன்று உங்கள் பெயரைச் சொல்லி விளக்கேற்றியிருக்கும். அதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. கையாலாகாதவர் ஒருவர் ஏமாற்றினால் விட்டுத் தொலையலாம். எல்லாம் தெரிந்தவர் நீங்கள். திருப்பித் தர வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

திருப்பித் தந்தால் அது உங்கள் பெருந்தன்மை என்று யாரும் சொல்லப் போவதில்லை. நீங்கள் கேட்கும் 'செட்டில்மென்ட்'டுக்கு, வட்டியை விட்டுவிட்டு அசலில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள் என்ற அந்தச் செய்திக்கு, அக்கா ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்கள் ஆள் என்னிடம் கேட்டார். அவள் பதிலை அப்படியே தருகிறேன்: "அவர் எனக்குக் கொடுக்கிறதா இருந்தா, எவ்வளவு கொடுத்தாலும் கும்பிட்டு வாங்கிக்குவேன். என்னுதை எனக்குத் தர்றதுக்கு எதுக்குப் பேரம்?" ஒப்பந்தச் சட்டத்தை அவள் படித்ததில்லை. ஆனால் 65ஆவது பிரிவை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

டொம்லூர்க் கல்வெட்டுகளில் ஒன்று, கோயிலுக்கு இரண்டு நிலைக்கால் கொடுத்தவரைப் பற்றியது. வாசலின் இரு பக்கமும் நிற்கும் கால்கள். நாடு வென்றவர் இல்லை, கடல் கடந்தவர் இல்லை. இரண்டு நிலைக்கால் தருவதாகச் சொன்னார், தந்தார். எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தச் செய்தி கல்லில் நிற்கிறது. அன்றைக்கு அதன் பொருளை அக்காவுக்குச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நீலக் கோப்பின் மூலைகள் தேய்ந்து அட்டை வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை மறுபடி தாலுக்கா ஆபீஸ்.

ஐயா, மெய்க்கீர்த்தி முடிந்துவிட்டது. வழக்கப்படி இதன் கீழே கொடை வர வேண்டும். உங்கள் விஷயத்தில் கொடை என்ற சொல் பொருந்தாது, கடன் என்றுதான் எழுத வேண்டும். கங்கைக் கரையும் காராம்பசுவும் எழுத எனக்கு மனமில்லை, உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லில் இரண்டு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஒரு வரியில் தொகை, ஒரு வரியில் தேதி. தேதிகளை மறக்காதவர் நீங்கள்.